பதறாத காரியம் சிதறாது: செயலி மாற்றிய கணினியில் கோளாறு தேடும் முறை

கணினியின்றிப் பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்றாகிப் பல்லாண்டுகள் கடந்துவிட்டன. இடுபணி எழுதுவதற்கும் படைப்பு தயாரிப்பதற்கும் நம்மில் பெரும்பாலோர் மடிக்கணினியையே நம்பியிருக்கிறோம். ஆனாலும், பலருடைய வீட்டுக் கூடத்தின் மூலையில் ஒரு மேசைக் கணினி இன்னும் இருக்கத்தான் செய்கிறது. அண்ணன் வாங்கியது அக்காளுக்குப் போய், இப்பொழுது தம்பி தங்கையரின் கையில் இருக்கும்.

2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. 2021-இல் வெளிவந்த விண்டோஸ் 11 எல்லாக் கணினியையும் ஏற்பதில்லை. பெரும்பாலும் இன்டலின் எட்டாம் தலைமுறையிலிருந்தும் ஏ.எம்.டி.யின் ரைசன் 2000 வரிசையிலிருந்துமே அது செயலிகளை ஏற்கிறது. அதற்கு முந்திய கணினி வைத்திருப்போர், பெட்டியை முழுதாக மாற்றாமல் செயலியை மட்டும் மாற்றிப் பார்க்கலாமே என்று எண்ணுவது இயல்பு. செலவும் குறைவு.

இங்கே செயலி என்று நான் சொல்வது கைப்பேசியில் பதிவிறக்கம் செய்யும் செயலியை அன்று. தாய்ப்பலகையின் நடுவில் உட்கார்ந்து கணக்குகளையெல்லாம் போடும் சில்லாகிய பிராசசரையே குறிப்பிடுகிறேன். மலேசியராகிய நமக்கு இச்சில்லு அந்நியமானதன்று. இன்டல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை 1972-இல் பினாங்கில்தான் தொடங்கியது. ஆயினும், அதைக் கழற்றி மாற்றும் வேலையில் கைவைத்த பிறகுதான் எனக்கு அதன் அருமை புரிந்தது.

ரெங்கத்தில் நடந்தது

ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் மாவட்டத்தில், இருப்புப்பாதையை ஒட்டி அமைந்த சிறு நகரம் ரெங்கம். சுற்றிலும் செம்பனையும் பால்மரமும் நிறைந்த தோட்டங்கள். பருவ விடுமுறையில் வீடு திரும்பியபோது, 2017-இல் நான் கூட்டிய கணினிக்குப் புதிய செயலி ஒன்றை வாங்கி வந்தேன். பழையது ரைசன் 5 1600. புதியது 2022-இல் வெளிவந்த ரைசன் 5 5600. இரண்டும் ஏ.எம்.4 என்னும் ஒரே வகைச் சாக்கெட்டில் அமர்பவை. இரண்டுக்கும் ஆறு மையங்கள். இரண்டின் மின்தேவைக் குறியீடும் 65 வாட். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று தங்கையிடம் சொன்னேன்.

தங்கை அக்கணினியில்தான் தன் இறுதியாண்டு ஆய்வை வைத்திருந்தாள். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் முதியவர்களைச் சந்தித்து, அவர்கள் பாடிய தாலாட்டு, கும்மி, ஒப்பாரிப் பாடல்களை ஒலிப்பதிவு செய்திருந்தாள். பாடிய பாட்டிமாரில் இருவர் அதற்குள் காலமாகிவிட்டனர். அந்த ஒலிப்பதிவுகளுக்கு வேறெங்கும் நகல் இல்லை. இதை நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

புதிய செயலியைப் பொருத்தி விசையை அழுத்தினேன். விசிறி சுழன்றது. திரை மட்டும் இருண்டே கிடந்தது.

அதன் பிறகு நான் செய்ததுதான் தவறு. நினைவகப் பட்டைகளை இடம் மாற்றினேன். தாய்ப்பலகையின் மின்கலத்தைக் கழற்றினேன். கிராபிக்ஸ் அட்டையைப் பிடுங்கிச் செருகினேன். மின்கம்பிகளை உருவி மாட்டினேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்தேன். கடைசியில் பழைய செயலியையே திரும்பப் பொருத்தியபோது, அதுவும் இயங்கவில்லை. காலையில் நன்றாக ஓடிய கணினி மாலையில் பிணமாகக் கிடந்தது. தங்கையின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

தோட்டத்து ரப்பர் ஆலையில் இயந்திரங்களைப் பழுது பார்த்து ஓய்வுபெற்ற அப்பா, திண்ணையிலிருந்து எழுந்து வந்து பார்த்தார்.

“ஏம்ப்பா, ஒரே நேரத்துல எத்தனை எடத்துல கைய வச்சே?” என்றார்.

நான் எண்ணிச் சொன்னேன்.

“ஒரு திருகைத் திருப்புனா ஓட்டிப் பாக்கணும். அப்புறந்தான் அடுத்த திருகு. இப்ப எது உன் தப்பு, எது மெசினோட தப்புன்னு உனக்கே தெரியாதே,” என்றார்.

மறுநாள் காலை பசியாறிவிட்டு, தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு மாற்றத்தையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பிறகு கணினியை முடுக்கிப் பார்த்தேன். மூன்றாவது வரியிலேயே ஒரு தவறு பிடிபட்டது. செயலிக்கு மின்சாரம் தரும் 8 ஊசிக் கம்பியை முந்திய மாலை உருவிய நான் திரும்ப மாட்டவேயில்லை. அதை மாட்டியதும் பழைய செயலியோடு கணினி உயிர்பெற்றது. புதிய செயலி இயங்காததற்குக் காரணம் வேறு. அதை அடுத்து விளக்குகிறேன்.

சாக்கெட் பொருந்தினால் போதுமா?

போதாது. தாய்ப்பலகையில் பயாஸ் என்னும் சிறு மென்பொருள் ஒரு சில்லில் பதிந்திருக்கிறது. கணினி முடுக்கப்பட்டதும் முதலில் விழிப்பது அதுதான். பலகையில் அமர்ந்திருக்கும் செயலியைப் பயாஸ் அறிந்திருந்தால்தான் மேற்கொண்டு வேலை நடக்கும். 2017-ஆம் ஆண்டுப் பயாஸுக்கு 2022-இல் பிறந்த செயலியைத் தெரிய வழியில்லை. பி350 போன்ற முதல் வரிசைப் பலகைகளில் ரைசன் 5000 செயலிகள் இயங்க ஏ.எம்.டி. 2022-இல்தான் அதிகாரப்பூர்வமாக இடமளித்தது. என் பலகையிலோ வாங்கிய நாளில் இருந்த பயாஸே இருந்தது.

இது என் ஒருவனுடைய அனுபவம் அன்று. 2018-இல் கிராபிக்ஸோடு கூடிய புதிய ரைசன் செயலிகள் வந்தபோது, கடைகளிலிருந்த ஏ.எம்.4 பலகைகள் பலவற்றில் பழைய பயாஸே இருந்தது. அதைப் புதுப்பிக்க முடியாமல் தவித்தவர்களுக்கு, ஏ.எம்.டி. ஒரு பழைய செயலியை இரவலாக அனுப்பிவைத்தது. பூட்டைத் திறக்கும் சாவி பெட்டிக்குள்ளேயே மாட்டிக்கொண்ட கதைதான் இது.

இன்டலிலும் எச்சரிக்கை தேவை. எட்டாம் தலைமுறைச் செயலிகள் 2017-இல் வந்தபோது, சாக்கெட்டின் பெயர் முன்போலவே எல்.ஜி.ஏ. 1151-ஆக இருந்தது. ஆயினும், ஆறாம், ஏழாம் தலைமுறைக்குரிய பலகைகளில் அவை இயங்கவில்லை. 300 வரிசைப் பலகை தேவைப்பட்டது. ஆகவே, சாக்கெட்டின் பெயரை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. பலகைத் தயாரிப்பாளரின் இணையப் பக்கத்தில் உங்கள் பலகைக்குரிய செயலிப் பட்டியல் இருக்கும். எந்தச் செயலிக்கு எந்தப் பயாஸ் பதிப்பு முதல் ஆதரவு உண்டு என்பதும் அதில் எழுதப்பட்டிருக்கும்.

கழற்றுவதற்கு முன் செய்ய வேண்டியவை

1. முக்கியக் கோப்புகளை வேறொரு சேமிப்பகத்தில் நகலெடுங்கள். எழுத்துருக்களையும் மறவாதீர்கள். யூனிகோட்டுக்கு முந்திய எழுத்துருவில் தட்டச்சு செய்த கட்டுரைகளும் பழைய மலர்களும், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் புரியாத குறிகளாகவே தெரியும்.

2. பிட்லாக்கர் என்னும் மறையாக்கம் இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் அதன் மீட்புச் சாவியை எழுதி வையுங்கள். அது 48 இலக்கம் கொண்டது. பயாஸைப் புதுப்பிக்குமுன் பிட்லாக்கரை நிறுத்திவைப்பது நல்லது.

3. பழைய செயலி பலகையில் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பியுங்கள். கோப்பை ஃபேட்32 முறையில் வடிவமைத்த விரலியில் இட்டு, பயாஸ் திரையிலிருந்தே புதுப்பிப்பது பாதுகாப்பானது. சில பலகைகளில் இடைப்பட்ட பதிப்பு ஒன்றை முதலில் ஏற்ற வேண்டியிருக்கும். ஒவ்வொரு பதிப்பின் கீழும் உள்ள குறிப்பைப் படித்த பின்னரே தொடங்குங்கள்.

4. புதுப்பிக்கும் நேரத்தில் மின்சாரம் தடைபட்டால் பலகையே பாழாகலாம். நம் ஊரில் பிற்பகல் இடியும் மழையும் எப்படிப்பட்டவை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வானம் தெளிந்த காலை நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

5. கம்பிகள் மாட்டியிருக்கும் விதத்தைக் கைப்பேசியில் படம் பிடியுங்கள். நான் படம் எடுத்திருந்தால் ஓர் இரவுத் தூக்கம் மிஞ்சியிருக்கும்.

6. ஏ.எம்.4 செயலிகளில் ஊசிகள் செயலியின் அடியில் இருக்கின்றன. வெப்பப் பசை இறுகியிருந்தால், குளிர்விப்பானை இழுக்கும்போது செயலியும் சேர்ந்து பிடுங்கி வரும், ஊசிகள் வளையும். கணினியைச் சற்று நேரம் ஓடவிட்டுப் பசையை இளக்குங்கள். பிறகு மின்சாரத்தை அறவே துண்டித்து, குளிர்விப்பானை இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுங்கள்.

திரை இருண்டே இருந்தால்

இங்கேதான் பதற்றம் வரும். எளியதில் தொடங்கி அரியதற்குப் போங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும்.

முதலாவதாக, காத்திருங்கள். குறிப்பாக 2022-இல் அறிமுகமான ஏ.எம்.5 பலகைகள், முதன்முறை முடுக்கும்போது நினைவகத்தைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். அதுவரை திரை இருண்டிருக்கும். அவசரப்பட்டு மின்சாரத்தை நிறுத்தாதீர்கள்.

இரண்டாவதாக, மின்கம்பிகள். பலகைக்குரிய 24 ஊசிக் கம்பியோடு, செயலிக்கென்று 4 அல்லது 8 ஊசிக் கம்பி ஒன்று தனியாக உண்டு. அது இல்லாவிட்டாலும் விசிறி சுழலும். விசிறி சுழல்வதால் எல்லாம் சரி என்று எண்ணிவிடக் கூடாது.

மூன்றாவதாக, திரைக்கம்பி. பழைய செயலியில் கிராபிக்ஸ் இருந்து புதியதில் இல்லாமற்போனால், பலகையில் மாட்டிய திரைக்கம்பிக்குப் படம் வராது. ரைசன் 5 5600-இல் கிராபிக்ஸ் இல்லை. ரைசன் 5 5600ஜி-யில் உண்டு. இன்டலில் பெயரின் இறுதியில் ‘எஃப்’ என்ற எழுத்து வந்தால் கிராபிக்ஸ் இல்லை. அத்தகைய செயலிக்குத் தனிக் கிராபிக்ஸ் அட்டை வேண்டும். திரைக்கம்பியை அந்த அட்டையில்தான் மாட்ட வேண்டும்.

நான்காவதாக, பலகையின் விளக்குகள். பல பலகைகளில் சி.பி.யு., டிராம், வி.ஜி.ஏ., பூட் என்று நான்கு சிறு விளக்குகள் இருக்கும். எந்த விளக்கு அணையாமல் நிற்கிறதோ அந்தக் கட்டத்தில் வேலை தடைப்பட்டிருக்கிறது என்று பொருள். சில பலகைகள் பீப் ஒலியால் சொல்லும். அவ்வொலிகளின் பொருள் கையேட்டில் இருக்கும்.

ஐந்தாவதாக, நினைவகம். ஒரே ஒரு பட்டையை மட்டும், கையேடு சொல்லும் துளையில் செருகிப் பாருங்கள்.

ஆறாவதாக, பயாஸ் அமைப்புகளைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவருதல். மின்சாரத்தைத் துண்டித்து, நாணயம் போன்ற சி.ஆர்.2032 மின்கலத்தைச் சில நிமிடங்கள் கழற்றி வைத்து மீண்டும் மாட்டுங்கள்.

ஏழாவதாக, செயலியை எடுத்து ஊசிகளைப் பாருங்கள். மூலையிலுள்ள முக்கோணக் குறி, சாக்கெட்டிலுள்ள குறியோடு பொருந்த வேண்டும். செயலியை எந்நிலையிலும் அழுத்தித் திணிக்கக் கூடாது. எல்.ஜி.ஏ. வகையில் ஊசிகள் பலகையில் இருக்கும். அவை வளைந்திருந்தால் அனுபவமுள்ளவரிடம் கொடுப்பதே நல்லது.

கடைசியாக, பழைய செயலியைப் பொருத்திப் பாருங்கள். அது இயங்கினால் பலகையும் நினைவகமும் நலமாக உள்ளன என்று அறியலாம். எஞ்சியவை இரண்டே: பயாஸ் ஆதரவு அல்லது புதிய செயலி. ஆகையால், புதியது சில நாள் சீராக ஓடும்வரை பழைய செயலியை விற்றுவிடாதீர்கள். என் கணினிக்கு வழி திறந்ததும் அதனால்தான். பழையதைக் கொண்டு பயாஸைப் புதுப்பித்தேன். கணினியை அணைத்துப் புதியதைப் பொருத்தினேன். திரை ஒளிர்ந்தது.

‘ஒய்’ என்று அழுத்துவதற்கு முன்

ஆனால், ஒளிர்ந்த திரையில் விண்டோஸ் இல்லை. ஓர் அறிவிப்பு இருந்தது. புதிய செயலி பொருத்தப்பட்டுள்ளது, எஃப்.டி.பி.எம். பதிவை அழித்துத் தொடர ‘ஒய்’ விசையையும், அப்படியே வைத்திருக்க ‘என்’ விசையையும் அழுத்துக என்றது அது.

எஃப்.டி.பி.எம். என்பது மறையாக்கச் சாவிகளைக் காக்கும் ஒரு பெட்டகம். விண்டோஸ் 11-க்கு அது தேவை என்று படித்து, ஓராண்டுக்கு முன் நான்தான் பயாஸில் அதை இயக்கியிருந்தேன். தங்கை தன் பங்குக்குப் பிட்லாக்கரை இயக்கியிருந்தாள். ‘ஒய்’ அழுத்தினால் பெட்டகத்திலுள்ள சாவி அழியும். மீட்புச் சாவியும் கையில் இல்லாவிட்டால் சேமிப்பகம் திறக்கவே திறக்காது. எந்தக் கடைக்காரராலும் திறக்க முடியாது. யாரும் திறக்க முடியாதிருப்பதற்காகத்தானே மறையாக்கம்!

முந்திய மாலையாக இருந்திருந்தால் யோசிக்காமல் ‘ஒய்’ அழுத்தியிருப்பேன். அன்று காலை ‘என்’ அழுத்தினேன். பிட்லாக்கர் 48 இலக்கச் சாவியைக் கேட்டது. “எங்கே வச்சிருக்கம்மா?” என்று தங்கையைக் கேட்டேன். அவள் தன் கைப்பேசியில் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து தேடினாள். சாவி அங்கே இருந்தது. ஆறாறு இலக்கமாக எட்டுத் தொகுதி. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படிக்க, நான் தட்டினேன். விண்டோஸ் திறந்தது.

முதல் வேலையாக ஒலிப்பதிவுகளை வெளிச் சேமிப்பகத்திற்கு நகலெடுத்தோம். அதில் ஒரு கோப்பைத் திறந்து, பாட்டியின் குரல் கேட்கிறதா என்று உறுதி செய்துகொண்டோம். பிறகு பிட்லாக்கரை முழுமையாக நீக்கினேன். அதன் பின்னரே ‘ஒய்’ அழுத்திப் பெட்டகத்தைப் புதுப்பித்து, பிட்லாக்கரை மறுபடி இயக்கினேன். புதிய சாவியைத் தாளில் எழுதி அம்மாவின் அலமாரியில் வைத்தாயிற்று.

இக்கட்டத்தில் வேறொரு கோளாறும் வரலாம். பயாஸ் புதுப்பித்தால் அதன் அமைப்புகள் தொடக்க நிலைக்குத் திரும்பிவிடும். பழைய முறையில் நிறுவிய விண்டோஸ், சி.எஸ்.எம். என்னும் அமைப்பு அணைந்ததால் கண்ணுக்குத் தெரியாமற்போகலாம். சேமிப்பகம் கெட்டுவிட்டது என்று எண்ணி விண்டோஸை மறுபடி நிறுவிவிடாதீர்கள். சி.எஸ்.எம்.மை இயக்கிப் பாருங்கள்.

இயங்கியும் இடையில் நின்றுபோனால்

விண்டோஸ் வந்துவிட்டது, ஆனால் சிறிது நேரத்தில் நீலத்திரை வருகிறது, அல்லது தானே அணைகிறது என்றால் மூன்று இடங்களைப் பாருங்கள்.

ஒன்று, வெப்பம். ரைசன் 5 5600-இன் உச்ச வரம்பு 90 பாகை செல்சியஸ். வேலையில்லாதபோதே வெப்பம் கிடுகிடுவென ஏறினால், குளிர்விப்பான் சரியாக அமரவில்லை, பசை பரவவில்லை அல்லது அடித்தட்டின் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரிக்க மறந்துவிட்டோம் என்று பொருள். நம் வீடுகளின் வெக்கையும் தூசியும் இதை மேலும் கெடுக்கும். எங்கள் பெட்டியிலிருந்து எடுத்த தூசியில் ஒரு தலையணையே தைத்திருக்கலாம்.

இரண்டு, நினைவகம். எக்ஸ்.எம்.பி. என்னும் வேக அமைப்பை அணைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். கோளாறு நின்றால், வேகமே காரணம். மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஓர் இரவு ஓடவிட்டாலும் பட்டையின் குறை தெரியும்.

மூன்று, மின்வழங்கியும் செயலியும். விண்டோஸின் ஈவன்ட் வியூவர் பகுதியில் கணினி தன் நோயைத் தானே எழுதி வைத்திருக்கும். கெர்னல்-பவர் 41 என்ற பதிவு, முறையாக அணையாமல் நின்றது என்பதை மட்டும் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. டபிள்யூ.எச்.இ.ஏ. என்று தொடங்கும் பதிவுகள் வன்பொருளைச் சுட்டும். இன்டலின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக் கணினிச் செயலிகளுக்கு மாறியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவற்றில் பலவற்றை மிகை மின்னழுத்தம் பாதித்ததால், 2024 ஆகஸ்டு முதல் இன்டல் திருத்தங்களை வெளியிட்டது. அவை பயாஸ் வழியாகவே வரும். புதுப்பித்தால் இனி வரும் சேதம் குறையும். ஏற்கெனவே கெட்டது திரும்பாது. அத்தகைய செயலிகளுக்கு உத்தரவாதக் காலத்தை இன்டல் இரண்டாண்டு நீட்டித்ததால் மாற்றித்தரக் கேட்கலாம்.

நிறைவாக

மாணவ நண்பர்களே, ரெங்கம் போன்ற ஊரில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு குளுவாங்குக்குப் போனால்தான் கடையைப் பார்க்கலாம். பாதிக் கோளாறுகளுக்கு அந்தப் பயணம் தேவையே இல்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மாற்றுங்கள், மாற்றியதை எழுதுங்கள், ஓட்டிப் பாருங்கள், பயன் இல்லையெனில் பழைய நிலைக்குத் திரும்புங்கள். பதறாத காரியம் சிதறாது என்று நம் முன்னோர் சொன்னது கணினிக்கும் பொருந்தும்.

செயலி கெட்டால் வேறு வாங்கலாம். அந்தப் பாட்டிமாரின் குரலை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. தங்கையின் ஒலிப்பதிவுகள் இப்பொழுது மூன்று இடங்களில் இருக்கின்றன: கணினியில், வெளிச் சேமிப்பகத்தில், இணையக் கிடங்கில். உங்கள் வீட்டுக் கணினியில் அப்படி ஒன்று இருக்குமானால், திருப்புளியைத் தேடுவதற்கு முன் அதை நகலெடுங்கள்.